உலகை மீட்கச் சென்றவரின் வீடு

"உலகை உய்விக்கப் போகிறேன்" என்று ஒருவர் புறப்படுகிறார். ஊர் கை தட்டுகிறது, மாலை சூட்டுகிறது, வாழ்த்தி வழியனுப்புகிறது. அவருக்குப் பின்னால், பெட்டிகளை எண்ணிக்கொண்டு, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கான துணிகளையும் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணும் புறப்படுகிறாள். அவளுக்கு மாலை இல்லை. அவள் பெயர் அறிக்கையில் இல்லை. கடல் கடந்த நாட்டில் அவள் அடுப்பு எப்படி எரிந்தது? அவள் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? எத்தனை பேர் வளராமலே மண்ணுக்குள் போனார்கள்? இவற்றைக் கேட்டவர் சிலர். விடை எழுதியவர் அதனினும் சிலர்.

அயல்நாட்டில் கிறித்தவ மறை பரப்பச் சென்றவர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். அவற்றில் பெரும்பகுதியை இரண்டு கூடைகளில் போட்டுவிடலாம். ஒன்று புகழ்ச்சிக் கூடை: அதில் பாதிரியார் புனிதர், பசி அறியார், பயம் அறியார், பிழை அறியார். மற்றொன்று இகழ்ச்சிக் கூடை: அதில் பாதிரியார் வேடதாரி, கையில் வேதம், பையில் வஞ்சகம். முன்னது பக்தருக்குப் பயன்படும். பின்னது மேடைக்குப் பயன்படும். உண்மையை அறிய விரும்புகிறவனுக்கு இரண்டுமே பயன்படா. ஏனெனில் இரண்டிலும் பாதிரியாருக்கு வீடு இல்லை.

வீட்டைத் திறந்து காட்டிய இரண்டு நூல்களை இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் 1936இல் வெளிவந்தவை. ஒன்று 'தி எக்ஸைல்'. 'நாடு நீங்கியவள்' என்று அதற்குப் பெயர் சொல்லலாம். மற்றொன்று 'ஃபைட்டிங் ஏஞ்சல்'. 'போரிடும் தேவதூதன்' எனலாம். முன்னது தாயின் வரலாறு. பின்னது தந்தையின் வரலாறு. எழுதியவர் அவர்களுடைய மகள் பேர்ல் பக். சீன உழவர் வாழ்வை 'நல்ல நிலம்' என்று பொருள்படும் 1931ஆம் ஆண்டு நாவலில் தீட்டி உலகப் புகழ் பெற்றவர் அவர். 1938இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டபோது, சீன உழவர் வாழ்வைத் தீட்டிய திறத்தோடு, அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளையும் பரிசுக் குழு தனியே சுட்டிப் பாராட்டியது. நாவலைப் படித்தோர் கோடி. வரலாறுகளைப் படித்தோர் குறைவு. அந்தக் குறையைப் போக்குவது நம் இளைஞர் கடமை என்று கருதுகிறோம்.

தந்தை அப்சலோம் சைடன்ஸ்ட்ரைக்கர், தாய் கரோலின். நூல்களில் அவர்களை ஆண்ட்ரூ என்றும் கேரி என்றும் மகள் அழைக்கிறார். தாயின் வரலாற்றில் சிறுமியாகிய தம்மையும் தம் நடுப்பெயராகிய கம்ஃபர்ட் என்பதால் குறிக்கிறார். ஆறுதல் என்பது அச்சொல்லின் பொருள். மாண்ட பிள்ளைகளுக்குப் பின் பிறந்த மகளுக்கு வைத்த பெயர்! அந்த ஒரு பெயரிலேயே அந்த வீட்டின் கதை பாதி அடங்கிவிடுகிறது.

இருவரும் 1880இல் மணந்துகொண்டு, அதே ஆண்டில் அமெரிக்காவை விட்டுச் சீனத்துக்குச் சென்றார்கள். காதல் சேர்த்து வைத்த மணமன்று அது. துணையின்றிக் கடல் கடக்கக் கூடாது என்பது ஆண்ட்ரூவின் தாயார் விதித்த நிபந்தனை. எனவே அவருக்கு மனைவி தேவைப்பட்டார். கேரிக்கோ, தம் தாயின் மரணப் படுக்கையருகே கடவுளிடம் ஓர் அடையாளம் வேண்டி, கிடைத்ததாக நம்பி, அதற்கு ஈடாகத் தம் வாழ்வையே தருவதாகச் செய்த உறுதிமொழி இருந்தது. ஒருவருக்கு நிபந்தனை, ஒருவருக்கு நேர்த்திக்கடன். இந்த இரண்டும் கைகோத்ததற்குத் திருமணம் என்று பெயர்.

மணம் முடித்துப் புறப்பட்ட நாளில், ரயிலில் ஏறியபின், புதுமணமகனிடம் இருந்தது ஒரே ஒரு பயணச்சீட்டு! மனைவிக்கும் சீட்டு வாங்க வேண்டும் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் நூலை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு உறைந்துபோகிறது. ஏனெனில் நாற்பது ஆண்டுக் காலம் அந்த வீடு ஒற்றைச் சீட்டிலேயே ஓடியது. பயணம் அவருடையது, பாதை அவருடையது, சேருமிடமும் அவருடையது. கேரி உடன் சென்றார்; அவ்வளவுதான்.

எப்படிச் சென்றார்? ஆண்ட்ரூ ஊர் ஊராக, படகிலும் கழுதையிலும் கால்நடையாகவும், வாரக்கணக்கில் போதிக்கப் போய்விடுவார். கேரி அயல் மண்ணில் வீடு நடத்துவார். ஓரிடத்தில் சுவருக்கு வெள்ளையடித்து, சன்னலுக்குத் திரை தைத்து, தோட்டத்தில் ரோசாச் செடி ஊன்றி, அது பூக்கும் பருவத்தில் "வேறு ஊருக்குப் போகிறோம்" என்று கணவர் வந்து நிற்பார். மறுபடியும் பெட்டி, மறுபடியும் சுவர், மறுபடியும் ரோசா. ஏழு பிள்ளைகள் பிறந்தன. நால்வர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். எஞ்சியவர் எட்கர், பேர்ல், கிரேஸ் என்ற மூவரே. எட்கரும் உரிய வயது வந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். மண் கொண்டதுபோக எஞ்சிய மூவரில் மூத்தவரைக் கடல் பிரித்தது.

இங்கே மகளின் எழுத்துத் திறனை எண்ணிப் பார்க்கிறோம். மரணங்களை அவர் அடுக்கிக் காட்டி அழவைக்கவில்லை. துக்கத்தைத் தாயின் கைகளில் வைத்துக் காட்டுகிறார். அந்தக் கைகள் தோண்டுகின்றன, தைக்கின்றன, துடைக்கின்றன. சோதரன் தந்த ஆர்கன் பெட்டியில் பாட்டு வாசிக்கின்றன. காய்ச்சலில் கிடக்கும் அண்டை வீட்டுச் சீனப் பெண்ணின் நெற்றியைத் தொடுகின்றன. கேரி போதித்ததாக நூலில் அதிகம் இல்லை. கேட்டதாக நிறைய இருக்கிறது. தெருப் பெண்கள் வந்து தங்கள் மாமியார் கொடுமையை, மகவு இறந்த கதையைச் சொல்லி அழ, அவர் உட்கார்ந்து கேட்கிறார். கணவர் ஆன்மாக்களைத் தேடி அலைந்தார். மனைவியைத் தேடி மனிதர்கள் வந்தார்கள்.

ஒரு நிகழ்ச்சி. மழை பொய்த்து மண் வெடித்த காலம். அயலார் வந்து குடியேறியதால்தான் தெய்வங்கள் சினந்தன என்ற பேச்சு பரவுகிறது. அன்றிரவு வந்து கொன்றுவிடுவதாகச் சன்னலடியில் சிலர் கூடிப் பேசுவது கேரியின் காதில் விழுகிறது. ஆண்ட்ரூ ஊரில் இல்லை. அவர் என்ன செய்தார்? துப்பாக்கி எடுத்தாரா? மண்டியிட்டுக் கிடந்தாரா? வீட்டைப் பெருக்கினார். தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்தார். பலகாரம் வைத்தார். பிள்ளைகளைத் துயிலெழுப்பிக் கூடத்தில் விளையாட விட்டார். கதவைத் திறந்து வைத்தார். கொல்ல வந்தவர்கள் விருந்தினராக நின்று, தேநீர் அருந்தி, பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றிரவே மழை பெய்தது.

மழை தற்செயல். அதை அற்புதம் என்று பக்தர் சொல்லட்டும், நாம் சொல்லோம். ஆனால் அந்தத் தேநீர் தற்செயலன்று. ஒரு தாயின் அறிவும் துணிவும் ஆக்கியது அது. வானத்தை நோக்கி உயர்ந்த கைகள் காத்த உயிர்கள் அல்ல அவை. அடுப்பை நோக்கி இறங்கிய கைகள் காத்த உயிர்கள்!

இனித் தந்தையைப் பார்ப்போம். இங்கே நம் இளைஞர்கள் அவசரப்படக் கூடாது. ஆண்ட்ரூ கயவரல்லர். பேராசைக்காரரல்லர். பெரும் படிப்பாளி, கடும் உழைப்பாளி. புதிய ஏற்பாட்டைப் பண்டிதர் நடையில் அன்றி, எளிய மக்கள் பேசும் சீனத்தில், கிரேக்க மூலத்திலிருந்து பெயர்த்தவர். மக்கள் மொழியே மக்களுக்கு வேண்டும் என்ற அந்த எண்ணத்தை மொழிப்பற்று உடைய எவரும் போற்றாமல் இருக்க முடியாது. திருத்தினார், மீண்டும் திருத்தினார், பதிப்புக்கு மேல் பதிப்பாக அச்சிட்டார். பணம் எங்கிருந்து வந்தது? வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து! சிறிய சம்பளத்தில் ஒரு பங்கு அச்சகத்துக்குப் போயிற்று. கேரியின் துணி ஒட்டுப் போட்டுத் தைக்கப்பட்டது. பிள்ளைகளின் சின்னஞ்சிறு ஆசைகள் அடுத்த ஆண்டுக்கும், அதற்கடுத்த ஆண்டுக்கும் ஒத்திவைக்கப்பட்டன. வேத நூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் விலை கொடுத்தவர்கள், அதை விரும்பிக் கேட்டிராத பிள்ளைகள்.

"பெற்றவர் உழைப்பு, பெற்றவர் பணம், அவர் விரும்பியபடி செலவிட்டால் தவறென்ன?" என்று கேட்கலாம். அவர் உழைப்பு மட்டுமா அது? சமைத்தவர், தைத்தவர், காத்தவர், பிள்ளை பெற்றவர், பிள்ளையைப் புதைத்தவர் உழைப்பு அதில் இல்லையா? அந்தக் கணக்கு ஆண்ட்ரூவின் பேரேட்டில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? அவர் பின்பற்றிய பவுலின் நெறியில் மனைவிக்குத் தலை கணவன்; அவள் அடங்கி அமைதி காக்க வேண்டியவள். கல்நெஞ்சால் வந்த கொடுமை அன்று அது; கோட்பாட்டால் வந்த கொடுமை. தாயின் ஒளி மங்கியதைக் கண்டு கண்டு, அந்தப் பவுல் மீதே தமக்குத் தீராத வெறுப்பு உண்டாயிற்று என்பதை மகள் ஒளிக்காமல் எழுதுகிறார். பாதிரியார் வீட்டில் பிறந்தவர் அந்த வரியை எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்!

அந்த நேர்மை இரண்டாவது நூலில் இன்னும் உயர்கிறது. தாயின் நூல் அன்பால் எழுதப்பட்டது. 1921இல் தாய் இறந்தபின் குடும்பத்தாருக்காக எழுதி வைத்தது. அதில் தாய்க்குப் பொன்முலாம் சற்றுக் கூடுதலாகவே பூசப்பட்டிருக்கிறது என்பது நம் கருத்து. தந்தையின் நூல் அறிவால் எழுதப்பட்டது. குழந்தையாக இருந்தபோது எட்டாதவராகத் தெரிந்த ஒருவரை, வளர்ந்த மகள் எட்ட நின்று அளக்கிறார். பழிவாங்கவில்லை, பூச்சுப் பூசவும் இல்லை. அவர் மகிழ்ச்சியான மனிதர் என்கிறார். ஆம், மகிழ்ச்சியானவர்! தம் கடமையில் ஐயமே இல்லாதவருக்கு மகிழ்ச்சிக்கு என்ன குறை? ஐயம் முழுவதையும் பக்கத்தில் இருந்தவர் சுமந்தார். ஒரு வீட்டில் ஒருவருடைய அமைதி மற்றொருவருடைய அமைதியைத் தின்று வளர முடியும் என்பதை இவ்வளவு சினமின்றிச் சொன்ன நூல் அரிது. கலையாகப் பார்த்தால் இரண்டில் சிறந்தது இதுவே என்று துணிந்து சொல்வோம்.

குறையே இல்லையா? உண்டு. வீட்டைத் திறந்து காட்டிய மகள், வீட்டின் அடித்தளத்தைப் போதிய அளவு தோண்டிக் காட்டவில்லை. யாங்சி ஆற்றங்கரையில் ஜென்ஜியாங் நகரில் அந்தக் குடும்பம் வாழ முடிந்தது எதனால்? 1858ஆம் ஆண்டின் தியான்சின் உடன்படிக்கை அயலார்க்கு உள்நாட்டில் மதம் பரப்பும் உரிமை தந்தது. அதே ஆண்டின் வணிக ஏற்பாடு அபினி இறக்குமதியைச் சட்டத்துக்கு உட்பட்டதாக ஆக்கியது. அயலார் தவறு செய்தால் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அமெரிக்காவும் பிரிட்டனும் அந்தச் சலுகையைக் கைவிட்டது 1943இல்தான். ஆற்றில் அயல்நாட்டுப் பீரங்கிப் படகுகள் மிதந்தன. கேரியின் ரோசாத் தோட்டத்துக்கு வேலி அந்தப் பீரங்கி! இதை மகள் அறியாதவரல்லர். ஆங்காங்கே தொட்டுக் காட்டுகிறார். ஆனால் நூல்களின் நெஞ்சம் வீட்டுச் சுவருக்குள்ளேயே துடிக்கிறது.

மற்றொன்று. அந்த வீட்டில் வாங் ஆமா என்ற சீனச் செவிலித்தாய் இருந்தார். பேர்லைத் தூக்கி வளர்த்தவர். கதை சொல்லி உறங்க வைத்தவர். அந்த மகளின் நாவில் சீனம் தாய்மொழிபோல் ஊறியதற்கு அவரும் ஒரு காரணம். அவர் கதை சில பக்கங்களில் வருகிறது; வந்து, போய்விடுகிறது. கணவருக்குப் பின்னால் மறைந்து நின்ற கேரியை வெளியே கொண்டுவந்த மகள், கேரிக்குப் பின்னால் நின்ற ஆமாவுக்கு ஒரு நூல் எழுதவில்லை. நாடு நீங்கியவளுக்கு நூல் உண்டு. நாட்டிலேயே இருந்து அயலார் பிள்ளையை வளர்த்தவளுக்கு இல்லை.

1900இல் அயலாரை எதிர்த்துக் குத்துச்சண்டையர் கிளர்ச்சி மூண்டபோது கேரியும் பிள்ளைகளும் ஷாங்காய்க்குப் போக நேர்ந்தது. ஆண்ட்ரூ தம் இடத்தை விட்டு அகலவில்லை. 1927 மார்ச்சில் நான்ஜிங் நகரில் படையினர் அயலாரைத் தாக்கியபோது பேர்ல் குடும்பத்தையும் முதிய தந்தையையும் ஓர் ஏழைச் சீனப் பெண் தம் குடிசையில் ஒளித்து வைத்துக் காத்தார். அந்தப் பெண்ணை அழைத்தது மதமா? மீட்பரின் பெயரா? அண்டை வீட்டார் என்ற உறவு! எத்தனையோ ஆண்டுப் போதனை சொல்ல முயன்றதை அந்தக் குடிசை ஒரே நாளில் செய்து காட்டிவிட்டது.

மகள் இவற்றிலிருந்து பாடம் கற்றார். 1932 நவம்பரில் நியூயார்க்கில் தம் சபையைச் சேர்ந்த பெண்கள் முன்னிலையில், அயல்நாட்டு மறைப்பணி தேவைதானா என்று கேட்டுப் பேசினார். பரிவில்லாத, பிறர் பண்பாட்டை மதிக்காத மறைபரப்பாளரைக் கண்டித்தார். புயல் கிளம்பிற்று. 1933இல் சபை வாரியத்தின் பொறுப்பிலிருந்து விலகினார். தம் மகள் கேரல் மூளை வளர்ச்சி குன்றியவர் என்பதையும் நெடுங்காலம் உள்ளத்தில் பூட்டி வைத்திருந்து, 1950இல் தனி நூலாகவே எழுதி, அத்தகைய குழந்தைகளைப் பெற்ற ஆயிரமாயிரம் தாய்மார் வாய் திறக்க வழி செய்தார். வீட்டை மறைப்பது பெருமையன்று என்று அறிந்தவர் அவர்.

இவ்வளவும் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, மதத்தின் கொடுமையை!" என்று சொல்லி நூலை மூடிவிடுவது எளிது. அப்படி மூடுகிற தோழர்களை ஒரு நொடி நிறுத்துகிறோம். மதம் ஆண்ட்ரூவுக்கு ஒரு காரணம் தந்தது, உண்மை. ஆனால் அந்தக் காரணம் இருந்த இடத்தில் வேறொன்றை வைத்துப் பாருங்கள். கலை என்று வையுங்கள். ஆராய்ச்சி என்று வையுங்கள். நாட்டுப்பணி என்று வையுங்கள். பகுத்தறிவு என்றே வையுங்கள். ஒற்றைப் பயணச்சீட்டு மாறிவிடுமா?

நம் நிலத்திலிருந்தே ஒரு சான்று. "திராவிட" என்ற சொல்லுக்கு மொழிநூல் அரியணை தந்த கால்டுவெல்லை நாம் போற்றுகிறோம். 1838இல் சென்னைக்கு வந்தவர், இடையன்குடியில் வாழ்ந்தவர், 1856இல் ஒப்பிலக்கணம் தந்தவர், 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலையாக நின்றவர். நன்றியோடு வணங்கத்தக்கவர். ஆனால் 1844இல் அவரை மணந்து, அந்தத் தேரிக்காட்டு வெயிலில் இல்லம் நடத்தி, பெண்பிள்ளைகளுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்த எலிசா அம்மையாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் பாதிரியாரின் மகள் அவர். இந்த மண்ணின் பேச்சோடு வளர்ந்தவர். அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு மகள் எழுதிய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. சிலைக்கு அருகே நின்று இந்த வெறுமையையும் எண்ணுவது நன்றிக்குக் குறைவாகாது, நன்றியை நிறைவாக்கும்.

பொதுப்பணிக்குப் போகிறவர் குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நம் கருத்தன்று. துறவு என்ற பெயரில் மனைவியை விட்டு ஓடுவதை நாம் எந்நாளும் ஏற்றதில்லை. உடன் வைத்துக்கொண்டே துறந்துவிடுவதை மட்டும் எப்படி ஏற்போம்? நாம் வேண்டுவது எளியது. போகிற பாதையை உடன் வருகிறவரிடம் கேட்டு முடிவு செய்க. வீட்டுப் பணத்தில் ஒரு காசு பொதுப்பணிக்குப் போனாலும், அதில் பங்குடையவர் ஒப்புதலோடு போகட்டும். மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறவர், சோறு வைத்துக்கொண்டு விழித்திருந்த முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கட்டும். அந்த முகத்தில் உரிமை தெரிகிறதா, களைப்பு மட்டும் தெரிகிறதா என்று பார்க்கட்டும்.

கொள்கையைச் சோதிக்க நூலகம் வேண்டாம்; நீதிமன்றம் வேண்டாம். அந்தக் கொள்கைக்காரரின் மகள் வளர்ந்தபின் என்ன எழுதுவாள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். ஆண்ட்ரூவின் மகள் எழுதிவிட்டார். இந்த இரண்டு நூல்களையும் தேடிப் படியுங்கள். படித்தபின் உங்கள் வீட்டாரிடமும் கொடுங்கள்.